கோணிப்பை நீங்கலாக

2022 நவம்பர் 9

காலையில் பயிர் அடங்கல் எழுதினேன். ஓடைக்கு மேற்கே மக்காச்சோளம், கிழக்கே பாதி தரிசு. மதியம் டிபன் டப்பாவைத் திறந்த நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து போன். பைபாஸ் சோதனைச்சாவடியில் ஒரு லோடு வண்டியைப் பிடித்திருக்கிறார்களாம், சாட்சிக்கு வி.ஏ.ஓ. வரவேண்டுமாம். இந்த எல்லைக்குள் பிணம் கிடந்தாலும் கஞ்சா கிடைத்தாலும் முதலில் கூப்பிடுவது என்னைத்தான். வீரணன் அண்ணனை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் கிராம உதவியாளர். ஐம்பத்தெட்டு வயது. நான் வண்டியை எடுத்ததும் கண்ணை மூடிக்கொள்வார், இறங்கும்போதுதான் திறப்பார்.

வண்டியில் ஆந்திரத் தக்காளி. பெட்டிகளுக்கு நடுவே ஒரு கோணி மூட்டை. டிரைவர் சுருளிவேல், நம்ம நல்லமுடிப்பட்டி மேலத்தெரு. இன்னும் இரண்டு கிலோமீட்டர் போயிருந்தால் வீடு. வீரணன் அண்ணன், "ஏப்பா சுருளி, நீயா?" என்று கேட்டதற்கு அவன் தலையைத் தூக்கவில்லை. கம்பம் ஊரில் இறக்கிவிடச் சொல்லி வழியில் யாரோ ஏற்றிவிட்டார்களாம், உள்ளே என்ன என்று தெரியாதாம். மூட்டையின் வாசம் எனக்கு மூன்றடி தள்ளியே தெரிந்தது. நானூறு கிலோமீட்டர் கூடவே வந்தவனுக்குத் தெரியாதா?

எஸ்.ஐ. ஜெயசீலன் புதிதாக வந்தவர், சின்ன வயது, முறைப்படி செய்கிறவர். "உன்ன சோதனை போடணும்னா, கெஜட்டட் ஆபீசர் முன்னாடியோ நீதிபதி முன்னாடியோ வச்சுத்தான் போடணும்னு கேக்க ஒனக்கு உரிமை இருக்கு" என்று ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். "எதுக்கு சார், நீங்களே பாருங்க" என்றான் சுருளிவேல். சட்டைப்பையில் ஒரு சீப்பும் விபூதிப் பொட்டலமும் இருந்தன.

தக்காளி மண்டியிலிருந்து தராசு வந்தது. 20 கிலோ 460 கிராம். மழை பிடித்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் வைத்து பறிமுதல் மகஜரில் நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்து சாப்பிட்டேன். ரசம் ஆறிவிட்டது.

நவம்பர் 10

பேப்பரில் மூன்று வரி. "20 கிலோ கஞ்சா பறிமுதல், டிரைவர் கைது." என் பெயர் இல்லை. நல்லது.

நவம்பர் 22

சுருளிவேலின் மனைவி வந்தாள். நாகஜோதி, இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயது இருக்கும். முந்திரிக் கம்பெனியில் தோலுரிக்கப் போகிறவள், விரல் நுனியெல்லாம் கருத்திருக்கிறது. ஜாமீன்தாரருக்குச் சொத்து மதிப்புச் சான்று வேண்டுமாம், அதற்கு என் அறிக்கை வேண்டும். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒரு வரி படிக்கவில்லை.

மகஜரில் சாட்சி நான்தான் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. இந்த ஊரில் யார் வீட்டுக் கோழி எங்கே முட்டையிட்டது என்பதுவரை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவள் அதைப்பற்றி எதுவும் பேசவில்லை. "வர்றேன் மேடம்" என்று போய்விட்டாள். பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், இரண்டு வார்த்தை கோபமாகச் சொல்லி அனுப்பியிருப்பேன்.

டிசம்பர் 15

ஜாமீன் தள்ளுபடி. நாகஜோதி வந்து சான்றைத் திருப்பிக் கொடுத்தாள். யாரும் இப்படித் திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

"இருபதுக்கு மேலயாம் மேடம். அதுனால முடியாதுன்டாக."

"வக்கீல் என்ன சொல்றாரு?"

"இருபதுக்கு உள்ள இருந்திருந்தா இந்நேரம் வெளிய எடுத்திருப்பேன்டாரு. எவ்வளவு கூடன்னு கேட்டேன். நானூத்தி அறுபது கிராமாம்." வாசல் வரை போய்த் திரும்பினாள். "அரைக் கிலோ கூட இல்ல."

டிசம்பர் 19

தாலுகா ஆபீஸ் போன இடத்தில் சட்டப் புத்தகம் பார்த்தேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, அதனால்தான். கஞ்சா ஒரு கிலோ வரை இருந்தால் சிறு அளவு, ஓராண்டு வரை. இருபது கிலோவுக்கு மேல் வணிக அளவு. நடுவில் இருப்பதற்குப் பெயரே வைக்கவில்லை, ஆனால் தண்டனை உண்டு: பத்தாண்டு வரை. வணிக அளவுக்குப் பத்தாண்டுக்குக் குறையாமல். குற்றமே செய்யவில்லை என்று நீதிபதிக்கு முதலிலேயே தோன்றினால்தான் ஜாமீன். வண்டியில் இருந்தது தனக்குத் தெரியாது என்றால், அதை ஓட்டினவன்தான் நிரூபிக்க வேண்டும். வண்டியும் போகும்.

அந்த லோடு வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது. தக்காளியை அன்றைக்கே இறக்கிவிட்டார்கள். பெட்டிகள் மட்டும் இருக்கின்றன.

2023 ஜனவரி 11

பொங்கல் பரிசு டோக்கன். காலை ஏழிலிருந்து மாலை வரை வரிசை. கரும்பு வரவில்லை, திட்டு என்னிடம் வந்தது.

பிடித்த சரக்கை நீதிபதி முன்னால் வைத்து மறுபடி எடை போட்டார்களாம். வீரணன் அண்ணன் ஸ்டேஷனில் கேட்டு வந்து சொன்னார். பதினேழு கிலோ தொள்ளாயிரம். சுருளிவேல் வக்கீல் துள்ளினாராம். அன்றைக்கு ஈரமாக இருந்தது, இப்போது காய்ந்துவிட்டது என்று அரசுத் தரப்பில் சொல்லிவிட்டார்கள். அதுவும் உண்மைதான். ஆகவே பிடித்த இடத்தில் போட்ட எடைதான் கணக்கு. அது மகஜரில் இருக்கிறது, "கோணிப்பை நீங்கலாக 20.460 கி.கி." என்று.

அப்படி எழுதியிருந்ததா? எழுதியது ஸ்டேஷன் ரைட்டர். அவர்களுக்கு எல்லா மகஜருக்கும் ஒரே வாசகம்தான். நான் எழுதவில்லை.

பிப்ரவரி 20

நாகஜோதியின் மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள், கணவனால் கைவிடப்பட்டவர் என்று சான்று வாங்கினால் உதவித்தொகை கிடைக்கும் என்று. வீரணன் அண்ணன் மனுவை எழுதியே வைத்துவிட்டார். நாகஜோதி தலைப்பை மட்டும் கேட்டாள். அவர் படித்தார்.

"அவுக விட்டுட்டுப் போகலண்ணே. உள்ள இருக்காக."

"காயிதத்துக்குத்தானம்மா. அதுல என்ன இருக்கு?"

"காயிதத்துலயும் வேணாம்."

எழுந்து போய்விட்டாள். காகிதத்தைப்பற்றி இந்த ஆபீசில் யாரும் இவ்வளவு கறாராகப் பேசியதில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏன் என்று தெரியும், எழுத நேரமில்லை.

மார்ச் 14

ரேஷன் கடை சேல்ஸ்மேன் புகார் மீது விசாரணை. குடோனில் அரிசியைச் சாக்கோடு எடை போட்டு அனுப்புகிறார்களாம், அவருக்கு மூட்டைக்கு அரைக் கிலோ குறைகிறதாம், கார்டுதாரர்கள் அவர் சட்டையைப் பிடிக்கிறார்களாம். நேரில் போய் ஒரு காலிச் சாக்கைத் தராசில் போடச் சொன்னேன். 580 கிராம். "சாக்கின் எடையைக் கழித்தே வழங்கவேண்டும் எனப் பரிந்துரைக்கிறேன்" என்று தாசில்தாருக்கு அறிக்கை அனுப்பினேன். சேல்ஸ்மேன் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒங்களுக்குத் தெரிஞ்சது அங்க எவனுக்கும் தெரியல மேடம்" என்றார்.

பதினோரு வருடமாகத் தெரியும். காய்ந்த சாக்கு 580 கிராம், நனைந்தால் இன்னும் கூடும். 20.460 லிருந்து 580 போனால் 19.880.

ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான்.

ஜூன் 16

ஜமாபந்தி தணிக்கை முடிந்தது. ஒரு திருத்தமும் இல்லாமல் கணக்கு முடித்தவர்கள் எங்கள் குறுவட்டத்தில் இரண்டு பேர். ஒன்று நான்.

ஜூலை 4

சுருளிவேலின் தாயார் இறந்துவிட்டாள். சர்க்கரை, காலில் புண். மூன்று மாதமாகப் படுக்கை. ஒரே மகன். ஜெயிலுக்குத் தகவல் போய், மனுப் போட்டு, உத்தரவு வாங்கி, காவலுக்குப் போலீஸ் அமைந்து, வேன் கிளம்பவே மதியம் ஆகிவிட்டது. ஆனி வெயில். பிரேதம் தாங்கவில்லை. மூன்று மணிவரை பார்த்துவிட்டு பங்காளி மகன் ஒருவன் கொள்ளி வைத்தான். சுருளிவேல் வந்து இறங்கியபோது நாலரை. ஊர் எல்லையில் நான் நிற்கவேண்டியிருந்தது, பிரச்சினை வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி மேலிடத்து உத்தரவு. என்ன பிரச்சினை வரும்? சுடுகாட்டில் புகைதான் இருந்தது. ஒரு கையில் விலங்கு, இன்னொரு கையால் சாம்பலுக்குப் பக்கத்தில் மண்ணைத் தொட்டான். இளைத்திருக்கிறான். என்னைத் தாண்டித்தான் வேனுக்குப் போனான், வணக்கம் வைக்கப் பார்த்தான், கை பாதிதான் வந்தது.

இறப்புப் பதிவுக்கு விவரம் எடுத்துக்கொண்டேன். வீரணன் அண்ணன் திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் கண்ணை மூடவில்லை. கண்ணாடியில் பார்த்தேன்.

ஜூலை 5

இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை.

2024 ஜனவரி 29

சம்மன். பிப்ரவரி 13, மதுரை, போதைப்பொருள் வழக்குக்கான தனி நீதிமன்றம். வீரணன் அண்ணனுக்கும் சேர்த்து. "நீங்க என்ன சொல்றீகளோ அதேதாம்மா நானும்" என்றார். அது விசுவாசமா, பயமா, இல்லை பொறுப்பை என் தலையில் இறக்கி வைத்தாரா என்று யோசித்தேன். மூன்றுமாக இருக்கலாம்.

பிப்ரவரி 4

எஸ்.ஐ. ஜெயசீலன் ஞாயிறென்றும் பாராமல் வீட்டுக்கு வந்தார். இப்போது வேறு ஸ்டேஷன். கொஞ்சம் பருத்திருக்கிறார். அவர் டீ குடித்தார், என் கணவர் முறுக்கு எடுத்து வைத்தார்.

"மகஜர்ல இருக்கறத மட்டும் சொல்லுங்க மேடம். வேற எதுவும் வேண்டாம். அரசு ஊழியர் மாத்திச் சொன்னா கோர்ட்டே டிபார்ட்மென்டுக்கு எழுதிரும்."

சரி என்றேன். வாசலில் செருப்பு மாட்டும்போது இன்னும் ஒன்று சொன்னார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 5

எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்?

அவர் சொன்னது: "அன்னைக்கு நான் கேட்டேன் மேடம். நீங்கதான் வேண்டாம்னீங்க."

அன்றைக்கு நடந்தது இது. மூட்டை தராசில் தொங்கியது. 20.460 என்று காட்டியது. ஜெயசீலன் என்னைப் பார்த்து, "மேடம், சாக்கைக் கழிக்கணுமா? சரக்கை வெளிய கொட்டித் தனியா போடட்டுமா?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாது, என்னைக் கேட்டால் தெரியும் என்று கேட்டார். தூறல் ஆரம்பித்திருந்தது. கொட்டி, திரும்ப அள்ளி, எடை போட்டு, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். எனக்குப் பசி. காலையில் இரண்டு இட்லிதான் சாப்பிட்டிருந்தேன். "சாக்கு என்ன பெரிய எடையா சார், அப்படியே எழுதுங்க" என்றேன். வீரணன் அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு மகஜரைப் படிக்காமல் நான்கு இடத்தில் கையெழுத்து.

இருபது கிலோ என்பது ஒரு கோடு என்று எனக்கு அன்று தெரியாது. ஆனால் சாக்குக்கு எடை உண்டு என்று தெரியும். பதினைந்து மாதமாக இந்த நோட்டில் ஸ்டேஷன் ரைட்டர் எழுதினார், போலீஸ் எழுதினார்கள் என்று எழுதி வந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவன் கொண்டுவந்தது கஞ்சாதான். தெரிந்தும் கொண்டுவந்திருப்பான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்கு உரியதை அவன் அனுபவிக்கட்டும். மிச்சத்தை ஏற்றி வைத்தது நான்.

பிப்ரவரி 8

கணவரிடம் சொன்னேன். அவர் மின்வாரியத்தில் கணக்கர், எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பவர். முதலில் கோபப்பட்டார், பிறகு யோசனை சொன்னார்.

"சாக்கோட போட்டாங்கன்னு வேணா சொல்லு. ஒனக்கு மனசு கேக்கலேன்னா சொல்லு. ஆனா போலீஸ் போட்டாங்கன்னு சொல்லிட்டு வந்துரு. நீ சும்மா நின்ன. ஒனக்கும் சேதாரமில்ல, அவனுக்கும் நல்லது நடந்துரும். நீதான் சொன்னேன்னு சொல்லி என்னாகப் போகுது? அவனுக்கு அதுல என்ன லாபம்?"

லாபம் ஒன்றுமில்லைதான். தட்டப்பயறு ஊறப்போட்டேன்.

பிப்ரவரி 13

காலை ஐந்தரை பஸ். வீரணன் அண்ணன் புது வேட்டி. நாகஜோதியும் அதே பஸ்ஸில், முன்பக்கம்.

ஜெயசீலன் முதல் சாட்சி. மகஜரில் உள்ளபடி சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்து நான். பெயர், குணவதி. பதவி. கையெழுத்து என்னுடையதா? ஆமாம், நான்கும். எடை எவ்வளவு? சொன்னேன். அரசு வக்கீல் உட்கார்ந்தார்.

சுருளிவேலின் வக்கீல் எழுந்தார். கோட்டு வெளுத்துப் பச்சையாகியிருந்தது. இதைக் கேட்டுப் பார்ப்போம் என்ற மாதிரிதான் கேட்டார்.

"சரக்கை வெளிய எடுத்து எடை போட்டாங்களா, சாக்கோடயா?"

"சாக்கோட."

அவரே எதிர்பார்க்கவில்லை. அரசு வக்கீல் எழுந்துவிட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "கோணிப்பை நீங்கலாகன்னு இருக்கே. கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"படிக்காம போட்டேங்கய்யா."

நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார். சுருளிவேலின் வக்கீல் உற்சாகமாக அடுத்த கேள்விக்கு வந்தார். "கழிக்க வேண்டாம், அப்படியே எழுதுங்கன்னு சொன்னது எஸ்.ஐ. ஜெயசீலன்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவர் எனக்கு வழி விட்டுக் கொடுத்தார், கணவர் சொன்ன அதே வழி. ஜெயசீலன் கதவுப் பக்கம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இல்லீங்க. அவரு கழிக்கணுமான்னு கேட்டாரு. வேண்டாம், எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன்."

தட்டச்சு செய்கிற பெண் நிமிர்ந்து, "மறுபடி சொல்லுங்க மேடம், விட்டுட்டேன்" என்றாள். மறுபடி சொன்னேன். இரண்டாவது தடவைதான் கஷ்டமாக இருந்தது.

சுருளிவேல் கூண்டிலிருந்து என்னைப் பார்த்தான். பின்வரிசையில் நாகஜோதியும் பார்த்தாள். அடுத்து ஏறிய வீரணன் அண்ணன், "அம்மா சொன்னதுதாங்கய்யா நடந்தது, நானும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் நாகஜோதி இல்லை.

மார்ச் 4

துறையிலிருந்து 17(ஆ) குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் தரவேண்டும். இந்த வருடப் பதவி உயர்வுப் பட்டியலில் இனி என் பெயர் வராது. கணவர் குறிப்பாணையை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார்.

மார்ச் 20

தீர்ப்பு. வணிக அளவு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை. கஞ்சாவைத் தெரிந்தே வண்டியில் கொண்டுவந்தது நிரூபணம். நான்கு ஆண்டு. உள்ளே இருந்த பதினாறு மாதம் அதில் சேரும். வண்டி பறிமுதல். வீரணன் அண்ணன்தான் வந்து சொன்னார். நல்லதும்மா என்றார். சரி என்றேன்.

மார்ச் 26

நாகஜோதி ஆபீசுக்கு வந்தாள். மாமியார் பெயரில் இருக்கும் வீட்டுக்கு வாரிசுச் சான்று வேண்டும். இறப்புச் சான்று, குடும்ப அட்டை, எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். விசாரணை வாக்குமூலத்தை எழுத ஆரம்பித்தேன். பாதியில் கேட்டாள்.

"மேடம், அன்னைக்கே சாக்கைக் கழிச்சிருந்தா, அவுக எப்ப ஜாமீன்ல வந்திருப்பாக?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது கோர்ட்டு விஷயம், நிச்சயமாகச் சொல்ல முடியாது.

"ரெண்டு மாசம், மூணு மாசம். பொங்கலையொட்டி வந்திருக்கலாம்."

அவள் இறப்புச் சான்றை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரியாத தேதி இல்லை.

"அப்ப அத்தைக்கு அவுகளே கொள்ளி வச்சிருப்பாக."

"ஆமா."

நான் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். வாய் வரை வந்தது, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வாக்குமூலத்தை எழுதி முடித்துத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைப் பேனாவால் காட்டினேன்.

நாகஜோதி பேனாவை வாங்கவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்து, முதல் வரியில் கருத்த விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். வெளியே நான்கு பேர் காத்திருந்தார்கள். ஒன்றரைப் பக்கம். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, "இது என்னா மேடம்?" என்று கேட்டாள், சொன்னேன். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

நான் காத்திருந்தேன்.